தென்னைக்குக் கர்னல் வைத்தியம்

சிக்னலிலிருந்து இரைச்சலைக் கழித்து உண்மையை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நான் பார்த்தவரை, உண்மையைக் கழித்துவிட்டு மிஞ்சுகிற இரைச்சலுக்குத்தான் பட்டம் கொடுக்கிறார்கள்.

தேனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளர். 2007 வாக்கில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவியும் ஆனேன். காலையில் வகுப்பு, மதியம் லேப், சாயங்காலம் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அலைச்சல், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி என்று வாழ்ந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் மருந்து, பிறகு நோய்

எங்கள் துறைத்தலைவர்தான் என் ஆராய்ச்சி வழிகாட்டி. ஒரு கோடை விடுமுறையில் ஏதோ பயிலரங்குக்குப் போனவர், 'கர்னல்' என்ற சொல்லோடு திரும்பி வந்தார். விஷயம் பெரிதில்லை. தரையில் கலந்து கிடக்கும் இரண்டு கூட்டத்தைக் கோடு போட்டுப் பிரிக்க முடியவில்லை என்றால், ஒரு கூட்டத்தை மட்டும் கணக்கு போட்டு மேலே தூக்கி நிறுத்திவிட்டு நடுவில் ஒரு பலகையைச் செருகுவது. தூக்கி நிறுத்துகிற கணக்குக்குத்தான் கர்னல் என்று பேர். இது இந்தக் கூட்டம், அது அந்தக் கூட்டம் என்று மாதிரிகளைக் காட்டிப் பழக்கினால் கம்ப்யூட்டரே பிரித்துச் சொல்லும்.

நல்ல வித்தைதான். எதைப் பிரிப்பது என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எதையாச்சும் பிரிங்க மேடம். தலைப்புல கர்னல்னு வரணும், அவ்வளவுதான்."

யாரும் பேசக் கூடாது

தென்னையை எடுத்துக்கொண்டேன். சிவப்புக் கூன்வண்டின் புழு மரத்துக்குள்ளேயே இருந்து கொறிக்கும். கொண்டை சாயும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, காதை வைத்தால் சில சமயம் கொறிக்கிற சத்தம் கேட்கும். அனுமந்தன்பட்டியில் ஈஸ்வரி அக்காவின் தோப்பில் அந்த வருஷம்தான் இரண்டு மரம் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் இல்லாமல் அந்த ஐம்பது சொச்சம் மரத்தை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்தினார். இன்னும் பத்து மரம் போனால் தோப்பையே விற்க வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். மரமேறி செல்வம் காதை வைத்துப் பார்த்து, புழு இருக்கிறது என்று மூன்று மரத்தைக் காட்டினார்.

என் லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாளாகியிருந்தது. அதனால் தோப்புக்கு த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரம் பார்த்துப் போய், மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்துப் பதிவு செய்வேன். நோயில்லாத மரத்துக்கு அவ்வளவு தூரம் அலைவானேன் என்று கல்லூரி வளாகத்திலேயே நாலு மரத்தைப் பதிவு செய்துகொண்டேன். தோப்பில் நான் மைக்கை மரத்தில் கட்டியதும், தேங்காய் உரிக்கிறவர்களைப் பார்த்து அக்கா ஒரு அதட்டு போடுவார்.

"யாரும் பேசாதீக, டீச்சரு மரத்துக்கு ஸ்கேன் எடுக்குறாக."

நூற்றுக்கு நூறு

கம்ப்யூட்டர் எல்லா மரத்தையும் சரியாகப் பிரித்தது. நூற்றுக்கு நூறு. கொஞ்சம் மூளை உள்ளவள் அந்த இடத்திலேயே பயந்திருப்பாள். நான் துறைக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். துறைத்தலைவர் ஆசிரியர் வரிசையில் தன் பேரை முதலில் போட்டுக் கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்.

மாநாட்டில் நான் பேசி முடித்ததும் எந்த கர்னல் என்று ஒருவர் கேட்டார். அதன் அகலம் எவ்வளவு என்று இன்னொருவர் கேட்டார். எந்த மரம், எந்த இடத்தில், எப்போது பதிவு செய்தாய் என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அமர்வின் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெரி குட் மேடம். வெளியில டீ வந்திருச்சு, மிச்சக் கேள்வி எல்லாம் வேண்டாம்."

ஏழுக்கு ஏழு

அடுத்த அட்மிஷன் சீசனுக்கு விளம்பரம் வேண்டும் என்று துறைத்தலைவர் பத்திரிகைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஈஸ்வரி அக்காவின் தோப்புக்கே வந்துவிட்டார். போட்டோவுக்காகத் தன் புது லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தார். அதில் என் புரோகிராமை ஏற்றி, பழைய மூன்றை விட்டு வேறு ஏழு மரம் பார்த்தோம். ஏழும் நோய் என்று கம்ப்யூட்டர் சொன்னது. செல்வம் ஒவ்வொரு மரமாகக் காதை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்றார். காதும் கம்ப்யூட்டரும் ஒன்றா என்று துறைத்தலைவர் சிரித்தார். நோய் மரத்தை விட்டுவைத்தால் தோப்பே போய்விடும், இப்போதே வெட்டுங்கள் என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "டீச்சரு, நீங்க சொல்லுங்க. வெட்டவா?"

கேமரா இருந்தது, துறைத்தலைவர் இருந்தார். மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நல்ல காய்ப்பில் இருந்த மரம் விழுந்தது. செல்வம் தண்டைப் பிளந்தார், குருத்தைப் பிளந்தார். ஒரு புழு இல்லை, ஒரு ஓட்டை இல்லை.

அவர் இரண்டாவது மரத்தடியில் வாளை வைத்தபோது கரண்ட் போனது. தோப்பு அமைதியானது. அந்த அமைதியில்தான், இவ்வளவு நேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எல்லாத் தோப்பையும் போல இங்கேயும் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். நான் பதிவு செய்ய வந்ததும் கரண்ட் வந்த நேரத்தில் மட்டும்தான். நோய் மரத்தின் ஒவ்வொரு பதிவிலும் மோட்டார் சத்தம் இருந்தது. கல்லூரி மரத்தில் இல்லை. மோட்டாரை இந்த ஊரில் யாரும் சத்தம் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை, நான் உட்பட.

வெட்டாதீங்க என்று ஓடிப்போய், மிச்ச ஆறு மரத்தையும் துறைத்தலைவரின் புது லேப்டாப் பேட்டரியில் திரும்பப் பார்த்தேன். ஆறும் நலம். செல்வம் வாளைக் கீழே வைத்துவிட்டார். துறைத்தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். கரண்ட் வந்தா கரெக்டா சொல்லும்."

அச்சானது

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று மறுநாளே கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் பேர் அவருடையது, கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். கடிதத்தை இரண்டு தடவை படித்தார், அழகாக மடித்து மேசை டிராயருக்குள் வைத்தார்.

"அச்சாயிருச்சு மேடம். அச்சானது எப்படித் தப்பாகும்?"

உருப்படியான ஒரு வேலை

வழிகாட்டியை மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அனுமந்தன்பட்டிக்குப் போனேன். அக்கா அந்த மரத்துக்காக ஒரு வார்த்தை திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. வெட்டின மரம் இருந்த இடத்தில் செல்வம் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். புழுவை அது பார்க்கவே இல்லை, மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறது என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அக்கா மோட்டார் ரூமை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப அத இங்கன மாட்டி விட்ருங்க டீச்சரு. கரண்டு வந்து மோட்டாரு ஓடுதா இல்லையான்னு பாக்க நான் தெனம் வீட்டுலருந்து நடந்து வாரேன்."

மோட்டார் ஓடினால் அக்காவின் போனுக்கு மிஸ்டு கால் போகிற மாதிரி மாட்டிக் கொடுத்தேன்: ஒரு நல்ல மரத்தைத் தின்றுவிட்டு நூற்றுக்கு நூறு சரியாக நடக்கிற என் ஒரே ஆராய்ச்சி, இன்றைக்கும் அனுமந்தன்பட்டியில் மோட்டார் ஓடுகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.