வண்டியேறி வந்த கார்

பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளை அழைப்பு காரில்தான் நடக்கவேண்டும் என்று புதுக்கோட்டைச் சம்பந்தி ஒரே பிடியாக நின்றார். பெரியப்பாவும் வீறாப்பாகச் சரி என்றுவிட்டார். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவரிடமும் கார் கிடையாது. சொன்ன வாக்குத் தவறினால் பெண்ணுக்குத்தான் தலைகுனிவு.

பெரியப்பா மதராஸில் ஒரு பழைய காரை வாங்கினார். ஓட்டிவந்தால் தேய்ந்துவிடும் என்று திறந்த சரக்கு வேகனில் ஏற்றி ரயிலில் வரவழைத்தார். புதுக்கோட்டை ரயிலடியில், கூடவே வந்த டிரைவர், "கிளப்பினா வெயில் ஏறுறதுக்குள்ள ஊருல இருக்கலாமுங்க" என்றார். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம்.

"இம்புட்டுப் பத்திரமா கொண்டாந்ததச் சரளை ரோட்டுல உருட்டச் சொல்றியா? கல்லு தெறிச்சா ஒன் அப்பனா வந்து பெயிண்டு அடிப்பான்?"

இரண்டு மாட்டுவண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பிணைத்தார்கள். மேலே பலகை பரப்பி, வைக்கோல் போட்டு, பிளாட்பாரத்திலிருந்தே காரை நேராக அதன்மேல் தள்ளினார்கள். கயிறு உரசும் இடங்களுக்கெல்லாம் பெரியப்பாவின் அங்கவஸ்திரங்கள் மெத்தையாயின. ஓடத் தெரிந்த கார் ஜமக்காளம் போர்த்திப் படுத்திருக்க, மாடுகள் நுரை தள்ள இழுத்தன. ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்து வழியில் சிலர் தேங்காய் உடைத்தார்கள். பெரியப்பா மறுக்கவில்லை. திருநீறு கொடுத்தார்.

ஊர் வந்து சேர்ந்தபோது காரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் இறக்குவதற்கு ஊரில் பிளாட்பாரமும் இல்லை. பலகையைச் சரித்து இறக்கலாம் என்றோம். "முன்பக்கம் மண்ணுல குத்துமுங்களே" என்று டிரைவர் இழுத்ததுதான் தாமதம், பெரியப்பா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"ஒருத்தரும் தொடவேண்டாம். மேலேயே இருக்கட்டும்."

அன்று மாலையே அழைப்பு. சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். பாவம், கார் வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார், அது தரையில் நிற்கவேண்டும் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையை ஏணி வைத்து ஏற்றினோம். ஊர் பார்க்கவேண்டும் என்று காரின் கூரைத்துணியை மடக்கிவிட்டிருந்தார் பெரியப்பா. நாயனம் முழங்கியது. டிரைவர் தன் பங்குக்கு ஹார்னை அமுக்கினார். மாடுகள் மிரண்டு ஓட்டமெடுக்க, தெருமுனைப் புளியமரத்தின் கிளையொன்று மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு நெற்றியையும் கீறிவிட்டது.

மாடுகளைப் பிடித்து நிறுத்தியதும் பெரியப்பா பதறியடித்து மேலே ஏறினார். கதவைத் தடவினார். மட்கார்டைத் தடவினார். விளக்குக் கண்ணாடியைத் தடவினார்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல!"

நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன்.

"மாமா, நீங்க காரைப் பாத்துக்கங்க. நான் நடந்தே வாரேன்" என்றவர் இறங்கி, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலை நோக்கி நடந்தார். அந்த நிமிடமே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. நாயனமும் சனமும் அவர் பின்னால் போயின. பெரியப்பா மட்டும் வரவில்லை. புளியமரத்தடியில் காரைத் தனியாக விட்டுவர அவருக்கு மனசு கேட்கவில்லை.