மேல்மாடிக்காரரின் ஏர்கன்

தாமுவே பேட்டையில் எங்கள் மேல்மாடிக்குக் குடிவந்தவர் எதையும் இடக்கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார், மீன்காரியின் தராசைக்கூட. ஒல்லியான மனிதர். கரண்ட் இல்லாத பகல்களில் அவர் வீட்டிலிருந்து இரும்பை அராவும் சத்தம் வரும்.

நான் உரிமங்கள் வழங்கும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கிக்கு அனுமதி வாங்கும் நடைமுறை எனக்குத் தெரியும். அனுமதியில்லாத துப்பாக்கி பிடிபட்டால், கட்டடத்தில் உள்ள அத்தனை பேரையும் ராணுவம் அள்ளிக்கொண்டு போக எந்த நடைமுறையும் தேவையில்லை என்பதும் தெரியும். அந்த அராவும் சத்தத்தில் சந்தேகம் வந்து, மேலே போய்க் கதவைத் தட்டினேன். மேசைமேல் பழைய குழல் ஒன்றும் புதிய குழல் ஒன்றும் கிடந்தன.

"ஏர்கன்தான், சயா" என்றார்; எங்கள் ஊரில் ஐயா என்பதற்குச் சயா. " குழல் தேஞ்சு குண்டு கோணலாப் போவுது. மாத்துறேன்."

"எதைச் சுட?"

"புறா."

"புண்ணியம்னு தெருவே புறாவுக்குச் சோளம் போடுது. சுட்டா மொதல்ல உம்மைத்தான் அடிப்பாங்க."

"அதான் இன்னும் சுடல" என்று சிரித்தார்.

சட்டைப்பையிலிருந்த பென்சிலைப் புதிய குழலுக்குள் விட்டேன். தடையில்லாமல் உள்ளே போனது. ஏர்கன் குழலில் பென்சில் நுழையாது. அவர் சிரிப்பு நின்றது.

"வார்டு ஆபீஸ்ல சொல்வீங்களா, சயா?"

"கேட்டாச் சொல்வேன். கேக்காததைச் சொல்றது முறையில்ல."

மறுநாள் காலை வீடுகளில் இரவு தங்கிய விருந்தாளிகளின் பதிவைச் சரிபார்க்க வந்த வார்டுத் தலைவர், மேலே என்ன சத்தம் என்று கேட்டேவிட்டார். தையல் மெஷினைப் பழுது பார்க்கிறார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அன்று மாலையே மேல்மாடி காலி. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். என்னை நம்பவில்லை போலிருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.