தேன்மொழி சித்தியின் பயம்

செய்தி வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்ற வைத்தவர் இறந்துபோனார் என்று அதன் கீழே உட்கார்ந்துதான் கேட்டோம். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரி? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுமுனையில் மும்தாஜ் அக்கா அழுவது எனக்கும் அப்பாவுக்கும் கேட்டது. அப்பா எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார்.

இறந்தவர் என் அம்மாவின் தங்கை தேன்மொழி. கடலூர் முதுநகரில் குடியிருந்தவர். வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்திக் கொடுப்பது அவருடைய தொழில். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கிடங்கின் கூரையில் நின்றபோது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கீழே விழுந்தார். மும்தாஜ் அக்கா அவருடைய கூட்டாளி. அன்று கீழே நின்று பேனல்களைக் கயிற்றில் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. அங்கே படிப்பதற்கு என்னை எழுதச் சொன்னவரும் மும்தாஜ் அக்காதான். "பெரியவங்க எல்லாம் தைரியசாலி, ஆம்பளை மாதிரின்னு பேசிட்டுப் போயிடுவாங்க பாப்பா. நீதான் லீவு வுட்டா அவுங்க பின்னாடியே சுத்துவ. நெசமா அவுங்க எப்படின்னு நீ எழுது" என்றார்.

அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சித்தியின் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கருமாதி முடியும்வரை அம்மா முதுநகரில் சித்தப்பாவின் வீட்டில் இருக்கிறார். சிதம்பரத்தில் நானும் அப்பாவும் மட்டும். அவர் கூடத்தில் தூங்குகிறார். காலையில் மாடிக்குப் போய்ப் பேனல்களை எல்லாம் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் படிக்கட்டின் அடியில் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவர் அந்தப் பேனல் ஒயரை வெட்டினால் என்ன ஆகும் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒவ்வொரு முறை புரண்டு படுக்கும்போதும் எழுந்துவிட்டாரோ என்று எனக்குக் கை நின்றுவிடுகிறது. விடிவதற்குள் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சித்தியைப் பற்றி எழுதினால் ஒருவேளை தெரியும்.

சாவு வீட்டில் எல்லோரும் சித்தியைத் தைரியசாலி என்றார்கள். அது உண்மையில்லை. தேன்மொழி சித்தி பயந்த சுபாவம் உள்ளவர். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனைந்ததும் திரும்பிவிடுவார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரமாட்டார். தீபாவளிக்கு மத்தாப்பைக்கூடக் கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடிப்பார். "இவ எலக்ட்ரிகல் டிப்ளமோ சேர்றேன்னப்ப எங்க வீடே சிரிச்சிது. ஸ்விட்ச் போடவே வெரல்ல துணி சுத்திக்குவா" என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஏன் அந்தப் படிப்பில் சேர்ந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாம பயப்படறதுக்குத் தெரிஞ்சே பயப்படலாம்ல" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு புயல் வந்து எங்கள் பக்கத்து மின்கம்பங்களை எல்லாம் சாய்த்துவிட்டது. மோட்டார் ஓடாமல் டேங்க் வறண்டது. அம்மாவும் நானும் குடத்தோடு அடிபம்பில் நின்றோம். சாலை திறந்ததும் சித்தி கடலூரிலிருந்து மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மாடியில் துணி காயப்போடப் போனவர் வெகுநேரம் இறங்கி வரவில்லை. வந்ததும் அப்பாவிடம் கேட்டார்.

"மாமா, மேல நாள் பூரா வெயில் சும்மாவே காயுது. எனக்கு அந்த எடத்தக் குடுங்களேன்."

"வெயில்ல வடகம் காயும் தேனு. கரண்ட்டு காயுமா?"

"வடகமும் காயட்டும். பேனல் மேல பிழியாம இருந்தா சரி."

முதுநகரில் சித்தி குடியிருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் மாடியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் சொந்தப் பொறுப்பில் முதன்முதலாகப் பேனல் பொருத்தியது எங்கள் வீட்டில்தான். "ஏதாச்சும் தப்பு வந்தா இங்கன்னா நான் ஓடி வந்துடலாம். ஊரான் வீட்ல வந்தா எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்?" என்று அம்மாவிடம் சொன்னார்.

இந்த இடத்தில் என் அப்பாவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா மினி லாரி ஓட்டுகிறார். வீட்டில் எந்த வயர் வேலை வந்தாலும் ஆள் கூப்பிடமாட்டார். மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கி, சட்டைப் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொள்வார். தெரியாமல்கூட யாரும் திரும்பப் போட்டுவிட முடியாது. அந்தப் பாக்கெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் அப்புறம் எந்த ஒயரையும் தொடுவார். எனக்கு நினைவு தெரிந்து அவருக்கு ஒருமுறைகூட ஷாக் அடித்ததில்லை.

பேனல் மாட்டிய அன்றும் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டே மாடிக்கு வந்தார்.

"தேனு, தைரியமாத் தொடு. ஊரு கரண்ட்டே என் பாக்கெட்ல இருக்கு."

"மாமா, நீங்க கீழ போங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ஏன், நான் புடுங்கிடுவேன்னா?"

"நீங்க தொடுவீங்கன்னு. போயி எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க. எனக்குச் சக்கரை ஜாஸ்தி."

அப்பா சிரித்துக்கொண்டே தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாமா பாக்கெட்ல இருக்கறது கம்பத்துலேர்ந்து வர்ற கரண்ட்டு. இது வேற. வெயில் பட்டுச்சுன்னா இந்தப் பேனலுக்குள்ளயே உண்டாவுது. மெயின அணைச்சாலும் பியூச புடுங்கினாலும் இது நிக்காது. பொழுது சாயற வரைக்கும் இந்த ஒயர் உசுரோடதான் இருக்கும். எல்லாப் பேனலையும் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கேன், அதனால ஆளக் கொல்ற அளவுக்கு இருக்கு. நீ இங்க எதையும் தொடக் கூடாது."

"அப்பாகிட்ட சொல்லுங்களேன் சித்தி."

"சொன்னா தொட்டுக் காட்டுவாரு. பயம்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாரு. போனாப் போதும்."

பிறகு பேனல்களின் மேல் கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்தி, கையுறை மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொட்டார். அப்போதும் அவருடைய உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

எல்லா வீட்டிலும் அவருடைய வேலை அப்படித்தான் தொடங்கும். "எனக்குப் பயமா இருக்கு, எல்லாரும் கீழ போங்க" என்பார். மும்தாஜ் அக்கா அவரைப் "பயந்தாங்கொள்ளி மேஸ்திரி" என்று கூப்பிடுவார். ஒருநாள் ஒரு வீட்டில் கைப்பிடிச் சுவர் ஆடுகிறது என்று ஏறிய சித்தி அப்படியே இறங்கி வந்துவிட்டாராம். வீட்டுக்காரர் கத்தியிருக்கிறார். "நீங்க கத்துங்க சார், நான் கீழ நின்னு கேட்டுக்கறேன். மேல நின்னு கேட்டா விழுந்துடுவேன்" என்று பதில் சொன்னாராம். சுவரைப் பூசிக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

புவனகிரி அத்தை எங்கள் வீட்டுப் பேனலைப் பார்க்க வந்தபோது அதில் ஓடிய கிரைண்டரின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "மழ புடிச்சிக்கிட்டா மாவு அரையாதா?" என்று கேட்டார். "மழைன்னா பேட்டரி இருக்கு. அது தீந்தா கம்பத்துக் கரண்ட்டு இருக்கு. அதுவும் போனா இட்லி ஓட்டல் இருக்கு அக்கா" என்றார் சித்தி. அடுத்த மாதமே அத்தை வீட்டிலும் பேனல் ஏறியது.

அதற்குப் பிறகு சித்திக்கு வந்த வேலையில் பாதி அப்பாவின் பேச்சால் வந்தது. லோடு இறக்கும் இடமெல்லாம், "என் கொழுந்தியா போட்டுக் குடுத்தா, என் வீட்ல கரண்ட்டே போறதில்ல" என்று சொல்லிக்கொண்டு வருவார். அந்த முந்திரிக் கிடங்குக்கும் அவர் லோடு அடித்திருக்கிறார்.

அன்று நடந்ததை மும்தாஜ் அக்கா சொன்னதிலிருந்து எழுதுகிறேன். சித்தி ஏணியில் ஏறி ஷீட்டின் மேல் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். வழக்கம்போலப் பயமாக இருக்கிறது என்றார். நடப்பதற்குக் குறுக்கே போட இரண்டு பலகை கேட்டார். கிடங்குக்காரர் கூலியாட்களின் முன்னால், "பொம்பளைங்கள அனுப்பினா இப்பிடித்தான். பயமா இருந்தா வீட்ல இருக்க வேண்டியதுதான? ஏறுற ஆளு யாராச்சும் இருக்கானாய்யா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சித்தி யாரையும் பார்க்காமல் மறுபடி ஏணியில் ஏறினார். மும்தாஜ் அக்கா, "வேணாம்க்கா, எறங்குங்க" என்று கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

அந்த ஒரு நாள்தான் சித்தி தைரியமாக இருந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அப்பா, "என் வீட்லேர்ந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது. மொதல்ல அதப் புடுங்கறேன்" என்றார். பேருந்தில் கூட வந்தவர்கள் அது துக்கத்தில் சொல்வது என்று நினைத்தார்கள். படத்திறப்புக்குள் மாடி வெறுமையாக வேண்டும் என்கிறார். இன்று சாப்பிடும்போது நான், "அப்பா, மேல இருக்கற ஒயர் வேற மாதிரின்னு சித்தி" என்று தொடங்கினேன். "அவ பேச்ச எடுக்காத" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை கழுவும்போது மட்டும், "பியூசு என் பாக்கெட்லதான இருக்கப்போவுது" என்றார்.

ஜன்னலில் வானம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன்.

இனி வருவது பிறகு எழுதியது.

அப்பா எழுந்து முகம் கழுவினார். மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானை மாட்டினார். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு அவர் திரும்பியபோது நான் படிக்கட்டின் உச்சியில் மாடிக் கதவில் முதுகை வைத்து நின்றேன். கதவின் மேல் சந்திலிருந்து வெயில் என் தோளில் விழுந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துபோயிற்று.

"தள்ளு பாப்பா."

நான் தள்ளவில்லை. கையில் இருந்த இந்தத் தாள்களைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் வரியிலிருந்தே படித்தேன். குரல் கிறீச்சிட்டது. அப்பா, "என்னடி இது?" என்றார். "சித்திக்கு எழுதினது. படத்திறப்புக்கு" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். நிறுத்தினால் என்னை நகர்த்திவிட்டுப் போய்விடுவார் என்று மூச்சு விடாமல் படித்தேன். கடற்கரையைப் படித்தபோது அவர் வேறு பக்கம் பார்த்தார். அவர் இறங்கிப் போன பின்பு சித்தி என்னிடம் சொன்னதைப் படித்தபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார்.

"அதுக்குத்தான் என்னை டீ வாங்க அனுப்பினாளா?"

"ஆமாம்ப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தொட்டுக் காட்டுவீங்கன்னாங்க."

அப்பா கீழ்ப்படியில் உட்கார்ந்தார். நான் கதவை விட்டு நகராமலே மும்தாஜ் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் கடலூரிலிருந்து முதலில் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தார். அதுவரை நானும் நின்றேன், அப்பாவும் உட்கார்ந்திருந்தார். வாசலில் பால் பாக்கெட் வெயிலில் கிடந்தது.

மும்தாஜ் அக்கா மீட்டரோடு மாடிக்குப் போனார். வீட்டில் விளக்கில்லை, விசிறியில்லை, அவர் வந்ததும் சொன்னபடி சித்தி மாட்டிய பேட்டரி ஸ்விட்சையும் நான் அணைத்திருந்தேன். பியூஸ் அப்பாவின் பாக்கெட்டில் இருந்தது. பிறகு கைப்பிடிச் சுவரின் மேலிருந்து அவருடைய குரல் வந்தது.

"கரண்ட்டு இருக்குண்ணே. முழுசா இருக்கு. மேல வராதீங்க."

அப்பா பிளேயரைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பின்பு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

பேனல்களை இறக்குவதா வேண்டாமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. இறக்கினால் மும்தாஜ் அக்காதான் இறக்குவார். இதைப் படத்திறப்பில் நான் படிக்கட்டுமா என்று கேட்டேன். "முழுசாப் படி. கெடங்குல நடந்ததையும் படி" என்றார்.

தேன்மொழி சித்தி, உங்களைத் தைரியசாலி என்று சொன்ன எல்லோரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அன்பால்தான் சொன்னார்கள், கோபப்படாதீர்கள். இனி நீங்கள் ஏற வேண்டிய கூரை ஏதுமில்லை. போய் வாருங்கள் சித்தி. அப்பா கீழேதான் இருக்கிறார்.