மாமனார் நின்ற படித்துறை

தூத்துக்குடி அச்சாபீஸ் ஒன்றில் படமும் தலைப்பெழுத்தும் மரக்கட்டையில் செதுக்குவதுதான் என் வேலை. இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக விழும். பத்து வருஷத்தில் ஓர் எழுத்துகூட எனக்குப் பிசகியதில்லை. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது.

தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் எனக்குப் பெண் நிச்சயமானது. உப்புக் காற்றிலேயே வளர்ந்தவன், அன்று அந்த ஆற்றில் குளித்துவிட்டுப் பித்துப் பிடித்தவனாகத் திரும்பினேன். என் கல்யாணப் பத்திரிகையின் தலையில் அந்த ஆறுதான் வர வேண்டும் என்று கட்டையும் உளியுமாக உட்கார்ந்தேன். ஊரில் உள்ளபடியே இடப்பக்கம் பெண்கள் படித்துறை, குடத்தோடு நாலு பெண்கள். வலப்பக்கம் ஆண்கள் படித்துறை. மாமனார் மகிழட்டுமே என்று அவருடைய தொந்தியையும் குடுமியையும் அச்சு அசலாக அங்கே துண்டோடு நிறுத்தினேன்.

பெண் வீட்டுக்குப் பத்திரிகைக் கட்டு போன மூன்றாம் நாள், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் மாமனாரே அச்சாபீஸ் வாசலில் வந்து இறங்கினார்.

“என்னவே மாப்பிள்ளை! பொம்பளைப் படித்துறையில நான் துண்டோட நிக்கேன்! ஊரே சிரிக்குது!”

அவர் நீட்டிய பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். ஆசை மிகுதியில் இடவலம் மாற்ற மறந்து, ஆற்றைக் கண்ணால் கண்டபடியே செதுக்கித் தொலைத்திருந்தேன்; அச்சில் மாமனார் இடப்பக்கம் போயிருந்தார்.

“ஆத்தையே இப்படிப் பாத்தவரு எம்மவளை எப்படிப் பாத்தீரு? அவளுக்கு மரு எந்தக் கன்னத்துல, சொல்லும். சொல்லாட்டா கல்யாணம் கிடையாது.”

மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பெண் பார்த்த அன்று கூச்சத்தில் காபி டம்ளரைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

“தெரியாது மாமா. நான் நிமிரவே இல்ல.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மருவே கிடையாதுவே. இடதுன்னாலும் வலதுன்னாலும் அடுத்த பஸ்ஸுல போயிருப்பேன்” என்றார்.

யுத்தக் காலம், காகிதம் குதிரைக்கொம்பு. மறுபடி அச்சடிக்க வழியில்லை. மிச்சமிருந்த பத்திரிகைகளில் ஆற்றை மட்டும் கத்தரித்தோம். ஒவ்வொன்றாக நான்தான் வெட்டினேன், அழுகை வந்தது. பாதிப் பத்திரிகைக்கும் முழு ஊர் வந்து சாப்பிட்டது.

தாலி கட்டக் குனிந்தபோது முதல்முறையாக அவளை நன்றாகப் பார்த்தேன். வலது கன்னத்தில் மிளகளவு மரு.

திடுக்கிட்டு, ‘மருவே கிடையாது’ என்று சொன்ன மாமனாரைத் தேடினேன். அவர் மேளக்காரர்களை அதட்டும் சாக்கில், கண்ணைத் துடைத்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.