க்ளெமாட்டிஸ் கொடியை வெட்டியது நான்தான்

அன்று தோட்டத்தில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா வேலை பார்த்த வீட்டின் ஆச்சி கோவிலூருக்குப் போயிருந்தார். க்ளெமாட்டிஸ் என்கிற சீமைக் கொடியை அவர் கொடைக்கானலிலிருந்து தருவித்திருந்தார். மகள் கல்யாணத்தன்று அது பூத்து நிற்க வேண்டுமென்று ஆசை. தோட்டக்காரரான அப்பா, வேர் சூடாகாமல் உடைந்த ஆத்தங்குடித் தரைக்கற்களைப் பரப்பி, மூங்கில் தட்டியில் கட்டிக் கட்டி மூன்று வருடம் வளர்த்தார்.

கொடியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் படிக்க முடியும். முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல்லியிருந்தது.

“வேணாம் தம்பி, போன வருசத் தண்டுலதான் இது பூக்குது” என்றார் அப்பா.

“நீங்க படிச்சிருக்கீகளா?” என்று கேட்டுவிட்டு வெட்டினேன்.

பிறகுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பழைய தண்டில் பூக்கும் வகையை அப்படி வெட்டக் கூடாது என்றிருந்தது.

மாலையில் ஆச்சி வந்து பார்த்தார். “கல்யாணத்துக்கு வாரவுகளுக்கு மொட்டைத் தட்டியவா காட்டுவேன்? யாரு கைய வச்சது?”

“நாந்தான் ஆச்சி. புத்தி கெட்டுப்போச்சு” என்றார் அப்பா.

என் பள்ளிச் சம்பளத்தைக் கட்டிவந்தது ஆச்சிதான். அப்பாவிடம் அவ்வளவு பேசிய நான் அங்கே வாய் திறக்கவில்லை.

அன்றோடு அப்பாவின் வேலை போயிற்று. என் பள்ளிச் சம்பளத்தை ஆச்சி நிறுத்தவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு நின்றுபோனது அப்பாவின் சம்பளம், மாதம் ஒன்பது ரூபாய்.