சேர்க்காமல் விட்ட வயர்

அவனை எல்லோரும் வளையல் என்றுதான் கூப்பிடுவார்கள். இடது மணிக்கட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருளை எப்போதும் மாட்டியிருப்பான். அதனால் வந்த பெயர். வண்டி மின்வேலையில் கெட்டிக்காரன். ஹார்ன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை என்று வந்தால் இன்ஜின் மூடியைத் திறந்து, வயர்க் கூட்டத்துக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டே கோளாறைப் பிடித்துவிடுவான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அவன் வீட்டோடு இருக்கும் மாமனாருக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். வாரம் ஒரு நாள் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவள். நாற்பத்தாறு வயதில், புருஷன் கேலி செய்யச் செய்ய, கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். பழைய வெள்ளைக் கார். அதுதான் அவளுக்குக் கால்.

ஒருநாள் புண்ணைக் கட்டி முடித்துக் கை கழுவும்போது வளையலிடம் சொன்னாள்.

"தம்பி, நெரிசல்ல நின்னா வண்டியில சூட்டு முள்ளு மேல ஏறிக்கிட்டே போகுது. இன்ஜின் ஃபேன் ரொம்ப லேட்டாத்தான் சுத்துது. பயமா இருக்கு."

"சூட்டைப் பாத்து ஃபேனைச் சுத்த விடுற சென்சார் சோம்பேறியாயிடுச்சுக்கா. புதுசு வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீங்களே ஃபேனைப் போட்டுக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வச்சுத் தரேன்."

மறுநாள் காலை தன் கடையில் வைத்து வேலையை ஆரம்பித்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்ன சுவிட்ச், போட்டால் எரிய ஒரு பச்சை விளக்கு, தனி ஃப்யூஸ். கணக்கு எளிது. சென்சார் சொன்னாலும் ஃபேன் சுற்ற வேண்டும், சுவிட்ச் போட்டாலும் சுற்ற வேண்டும். ஒன்று தூங்கினால் இன்னொன்று காப்பாற்றும். சுவிட்ச் தனியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காகச் சென்சார் வயரை நடுவில் வெட்டினான். சுவிட்சைப் போட்டான். ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி முதலாளி போனில் வந்து காட்டுக் கத்தலாய்க் கத்தினார். அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டே வெட்டிய முனைகளில் டேப்பைச் சுற்றினான். பிறகு சேர்க்கலாம் என்று நினைத்தான். போனை வைத்தபோது அந்த நினைப்பும் போய்விட்டது.

வண்டியைக் கொடுக்கும்போது சொன்னான். "தானா சுத்துறது அது பாட்டுக்குச் சுத்தும். நெரிசல்னா மட்டும் மறக்காம இதைப் போட்டுக்குங்க."

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள், மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு நோயாளியைப் பார்க்க அவள் அவசரமாகப் போனாள். பாலத்தின் மேல் வண்டிகள் நகரவில்லை. சுவிட்ச் ஞாபகமே வரவில்லை. முன்னால் புகை கிளம்பியபோதுதான் முள்ளைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மீதித் தூரத்தை ஓடியே போனாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். இன்ஜின் பிழைக்கவில்லை.

கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியின் மூடியை வளையல் திறந்தான். கருகிய வாடை. குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். டேப் சுற்றிய இரண்டு முனைகள், ஒன்றையொன்று பார்க்காத பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. அது சேர்ந்திருந்தால் ஃபேன் லேட்டாகவாவது சுற்றியிருக்கும். இன்ஜின் கொதித்திருக்காது.

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "என் தப்புதான் தம்பி. மறக்காம போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான்தான் மறந்து தொலைச்சேன்."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைத் தாண்டவில்லை. "பரவால்லக்கா, விடுங்க" என்று சொன்னான். சொன்ன வாயை அங்கேயே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் அந்தப் பக்கம் போனதும் வயரைச் சேர்த்து, டேப் சுற்றி, பழைய வேலை போலத் தெரிய அழுக்குக் கையால் தடவியும் விட்டான். அந்தத் தடவலை நினைத்தால்தான் பிற்பாடு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தது பக்கத்துக் கடை மெக்கானிக். தன் பங்குக் கூலி வேண்டாம் என்று வளையல் சொல்லிவிட்டான். அதுவும் வினையாகப் போயிற்று. "தங்கமான மனுஷன்" என்று அவள் போகிற வீடெல்லாம் சொன்னாள்.

வண்டி தயாராகி வீட்டு வாசலுக்குப் போன பிறகும் அவள் சாவியைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வியர்த்து விறுவிறுத்து, ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து மாமனார் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, காரு என்ன கோவிச்சுக்கிச்சா?" என்றார் மாமனார்.

"இல்லப்பா. ஒரு சுவிட்ச் போடத் தெரியாதவளுக்கு ஸ்டியரிங் எதுக்குன்னு வீட்ல கேக்குறாரு. நியாயந்தானே? பஸ்ல வர்றதால ரெண்டு வீட்டை விட்டுட்டேன்."

வளையலின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இவரு வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாதுக்கா. யாரோட நேரமோ, என்ன பண்றது?"

வளையல் அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவனுக்குப் பாராட்டு வேறு. அந்த இரண்டு வீட்டிலும் யார் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு இப்போது யார் கட்டு மாற்றுகிறார்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். புருஷன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரும் கேட்க வேண்டும் என்றுதான் அந்த நேரமாகப் பார்த்துப் போயிருந்தான். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அக்கா, நீங்க சுவிட்ச் போடாததால இன்ஜின் போகல. சென்சார் வயரை நான் வெட்டிட்டுச் சேர்க்க மறந்துட்டேன். நீங்க மறந்தாலும் அது காப்பாத்தியிருக்கணும். தப்பு முழுக்க என்னுது."

பேப்பர் பக்கம் புரட்டும் சத்தம் நின்றது.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்றாள்.

"வண்டிய இழுத்துட்டு வந்த அன்னிக்கே."

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். "இருபத்திமூணு நாளு." பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள். "வயரை விட்டது மறதி. மறதி எனக்கும் வரும், யாருக்கும் வரும். இந்த இருபத்திமூணு நாளு மறதி இல்லையே தம்பி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். புருஷன் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமலே. அவர் பேப்பரை மடித்து மடித்துக் கையகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வளையல் செருப்பை மாட்டும்போது வாசல் வரை வந்தாள். "இனிமே வண்டிய வேற ஆளுகிட்ட காட்டிக்கிறேன். கட்டு மாத்த மட்டும் வழக்கம்போல வருவேன். உங்க மாமனாரு கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

வீட்டில் மனைவியிடமும் சொன்னான். அவள் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு அந்த அக்கா முன்னாடி உங்களுக்கு நான் சர்டிபிகேட் குடுத்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். கடைத்தெருவிலும் விஷயம் பரவியது. இரண்டு மூன்று பேர் வேறு கடைக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் நர்ஸ் காரிலேயே வந்தாள். சத்தம் கேட்டதும் வளையல் சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தான். மனைவி மறித்தாள். "எங்க ஓடுறீங்க? வெந்நீர எடுத்துட்டுப் போங்க."

பாத்திரத்தோடு போய்க் கட்டிலருகே நின்றான். நர்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய துணியை மெதுவாகப் பிரித்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றாள்.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குதிகாலைத் தூக்கிப் பிடித்தான். அவள் புண்ணைக் கழுவி, மருந்து தடவி, புதுத் துணி சுற்றி முடிக்கும்வரை கையை அசைக்கவில்லை, தலையும் நிமிரவில்லை.