பக்கத்து சீட்டு பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலடியில். மற்றது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். கற்றுக்கொள்பவர் பதறிப்போய் எதன் மேலாவது ஏற்றப் பார்த்தால் இவர் மிதித்து நிறுத்திவிடலாம். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபத்து மூன்று வருஷம் கால் வைத்திருந்ததால் அவளுக்கு பிரேக் மேடம் என்று பெயர். பழக வந்தவர்கள் வைத்த பெயர்தான். முதுகுக்குப் பின்னால் புழங்கிக்கொண்டிருந்ததை ஒரு நாள் வங்கியில் டோக்கன் கொடுக்கிற அவளுடைய பழைய மாணவர் ஒருவர் வாய்தவறிச் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டார். அவளும் சட்டென்று திரும்பிவிட்டாள். அத்தோடு பெயர் நிலைத்தது.

கடைத்தெரு முனையில் ஒற்றை அறை. சுவரில் சாலைக் குறிகளின் படம். ரிவர்ஸ் எடுப்பதை விளக்குவதற்கென்று மேசைமேல் ஒரு பொம்மைக் கார், அதில் ஒரு சக்கரம் இல்லை. இந்த அறையிலிருந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறாள். முதல் நாள் ஒருவர் சீட்டை முன்னால் இழுத்துப் போடுகிற விதத்தைப் பார்த்தே இவருக்கு எத்தனை வகுப்பு ஆகும் என்று சொல்லிவிடுவாள். ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கும். அதற்குமேல் கணக்கு தப்பியதில்லை.

வயது ஐம்பது. கணவர் போய் ஆறு வருஷம். மகனுக்கு வேறு ஊரில் வேலை. சாப்பாட்டுக்கோ தூக்கத்துக்கோ குறைவில்லை. அதனால் கணவரின் தங்கை ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "அண்ணி, உங்களுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கேன்" என்றபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நாத்தனார் குடியிருக்கும் ஏழு மாடிக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர். அது ஒரு தடவை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட, உள்ளே மாட்டிக்கொண்ட நாத்தனார் போட்ட கூச்சலில் கட்டடமே கூடிவிட்டது. மெக்கானிக் வந்து, வேலையையும் பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் கதவுக்கு வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். கதவு திறப்பதற்குள் நாத்தனார் ஆளை எடை போட்டு முடித்திருந்தாள். ஐம்பத்து நாலு வயது. மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. குடி கிடையாது, அதிர்ந்து பேசுவது கிடையாது. இந்தக் காலத்தில் இப்படி ஓர் ஆள் கிடைப்பதென்றால் சும்மாவா என்று நாத்தனார் விரல் மடக்கிச் சொன்னாள். மகனைக் கேட்டால், உன் இஷ்டம்மா என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

நாத்தனார் வீட்டில் மூன்று முறை பார்த்தாயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவளுக்குச் சரி என்று வாயில் வரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். அதை நாத்தனாரிடம் சொல்லத்தான் முடியாது.

கணவர் நல்ல மனிதர். எந்தச் சபையிலும் அதைச் சொல்லுவாள். ஆனால் குடும்பத்துக்கும் சேர்த்து அந்தப் பள்ளிக் கார்தான். அவள் ஓட்டுவாள். அவர் பக்கத்து சீட்டில், இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் மிதிப்பார். பூனைக்கு மிதிப்பார், வரவே வராத லாரிக்கு மிதிப்பார். ஒரு தடவை நாற்சந்தியின் நட்டநடுவில் மிதிக்க, பின்னால் வந்த வேன்காரன் இறங்கி வந்து அவளைத்தான் திட்டிவிட்டுப் போனான். உன் நல்லதுக்குத்தானே என்பார் கணவர். பதினேழு வருஷம். ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் தன் வீட்டு வண்டியை ஒரு நாளாவது முழுசாகத் தானே ஓட்டியதில்லை. அவர் போய், அழுது முடித்து, முதல் முறையாகத் தனியாகக் காரை எடுத்த அன்று வண்டி தண்ணீரில் போவதுபோலப் போயிற்று. அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை இன்னொருவர் காலடியில் கொண்டுபோய் வைப்பதா என்பதுதான் கேள்வி. நாத்தனாரிடம் இதை எப்படிச் சொல்வது? மிதித்தவர் அவளுடைய அண்ணன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நாத்தனார் கரைக்கு எதிரே இருந்த தீவுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். காலை எட்டரைக்குப் படகு. மூன்றரைக்குத் திரும்புகிற படகை விட்டால் அப்புறம் மறுநாள்தான். ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து சுற்றினால் மனுஷர் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவள் திட்டம்.

"திரும்பி வந்து கரையேறுறப்போ ஆமாவா இல்லையான்னு சொல்லிடணும் அண்ணி. எத்தனை மாசம்தான் அவரை ஊறப்போடுவீங்க?"

காலையில் அவள் படகுத்துறைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனபோது நாத்தனார் வழக்கம்போலப் பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள். முன்னால் அந்த இரண்டாவது பிரேக் இருக்கிற இடத்தில் காலைத் தொங்கப்போட அவளுக்கு பயம்.

மெக்கானிக் பஸ்ஸில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை. பையில் என்ன என்று நாத்தனார் துருவியதில் ஒரு டார்ச்சும் இரண்டு ஸ்க்ரூடிரைவரும் வெளியே வந்தன. தீவுக்குப் போகிறவர் எதற்கு இதெல்லாம் என்றால், பழக்கம் என்றார். படகில் ஏறியதும் அவர் செய்த முதல் காரியம், தலைக்கு மேல் செருகியிருந்த மிதவைச் சட்டைகளை எண்ணியது. அடுத்து இன்ஜின் இருந்த பக்கமாகப் போய்க் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஐம்பது நிமிஷப் பயணத்தில் அரைவாசி அப்படியே போயிற்று. கடல் பச்சையும் நீலமுமாகப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தமாதிரியே தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். "ஓடுற எதுலயும் எனக்குத் தூக்கம் வராதுங்க. எட்டு மணி நேரம் பஸ்ல போனாலும் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே முழிச்சிருப்பேன். யார் பார்த்து அனுப்புன வண்டியோ, ஒழுங்கா பார்த்தானோ இல்லையோன்னு மனசு அடிச்சுக்கும்."

இன்ஜினில் ஒரு பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கீச்சென்று கத்துகிறது, ஆபத்தில்லை என்றும் சொன்னார். அப்படியானால் நீங்களே போய்ச் சரி பண்ணிவிட வேண்டியதுதானே என்றாள் நாத்தனார். அவர் தலையை ஆட்டினார். இன்னொருத்தர் பொறுப்பில் இருக்கிற மெஷினில் கை வைப்பதில்லை, கேட்டால் சொல்லுவோம், அவ்வளவுதான் என்றார்.

பிரேக் மேடம் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் பேச்சில் மயங்குகிற ஆள் அவளில்லை. எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, ரோட்டில் இறங்கியதும் மின்கம்பத்தைத் தேடிப் போகிறவர்களை நிறையப் பார்த்தவள்.

தீவின் துறை நெருங்கியது. படகு வருகிற வேகத்தைப் பார்த்தால் நேராகக் கல்லில் போய் முட்டும் போலிருந்தது. அவள் வலது கால் தானாகவே பலகைத் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது. பக்கத்தில் மெக்கானிக் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் தேடிப் பார்த்துட்டேங்க" என்றார். "இதுல பிரேக்கே இல்ல. ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்துறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் வீட்டுச் சோபாவில் மூன்று முறை வராத சிரிப்பு.

தீவில் கார் கிடையாது. நான்கு பேர் உட்காரும் பேட்டரி வண்டிகளை நாள் வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்கு விட்டவர் சாவியை நேராக மெக்கானிக்கின் கையில் வைத்து, இது முன்னால், இது பின்னால், மேட்டில் இப்படி என்று அவருக்கே விளக்கத் தொடங்கினார். மெக்கானிக் மரியாதையாக முழுவதையும் கேட்டார். முடிந்ததும் சாவியை அவளிடம் நீட்டி, "ஓட்டுறவங்க இவங்க. இன்னொரு தடவை சொல்லிடுங்க" என்றார். வாடகைக்கு விட்டவருக்கு முகம் தொங்கிவிட்டது. தேவையில்லை என்று அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். தனக்கு ஸ்கூட்டரைத் தாண்டி ஒன்றும் ஓட்டத் தெரியாது, தயவுசெய்து கற்றுக்கொள்ளச் சொல்லிவிடாதீர்கள் என்று மெக்கானிக் வழியில் கேட்டுக்கொண்டார்.

தீவைச் சுற்றி ஒரே ஒரு ரோடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னை. வெயில் இலைகளுக்குள்ளிருந்து துண்டுதுண்டாக விழுந்தது. திடீரென்று மழை வந்து, அவர்கள் ஒதுங்க இடம் தேடுவதற்குள் நின்றும் போனது. வெள்ளை மணலில் காலை நனைத்துவிட்டு, கட்டிக்கொண்டு போனதை மர நிழலில் சாப்பிட்டார்கள். நாத்தனார்தான் பேசினாள். லிஃப்டில் மாட்டிய கதையை இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறையில் முக்கால் மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. மெக்கானிக் திருத்தவில்லை.

பிறகு குன்றின் மேலிருந்த கலங்கரை விளக்கத்துக்குப் போய்விட்டு இறங்கினார்கள். இறக்கம் செங்குத்து, ஆறு வளைவு. ஈர ரோட்டில் தென்னை மட்டைகள் விழுந்து கிடந்தன. மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு விரல் அவள் முதுகைக் குத்தியது.

"அண்ணி, தூங்குறாரு."

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மெக்கானிக்கின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. அடுத்த வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவள் வேகத்தைக் குறைத்த குறைப்பில் அந்தத் தலை மெதுவாக ஒரு முறை ஆடியது, அவ்வளவுதான்.

நாத்தனாருக்குக் கொதித்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் குறட்டையா, இப்படியும் ஒரு ஜென்மமா என்று காதோரம் பொரிந்து தள்ளினாள். பிரேக் மேடம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வருஷத்தில், அவள் ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் தூங்கியதில்லை. பழக வந்தவர்கள் பயத்தில் தூங்கவில்லை, கணவர் அக்கறையில் தூங்கவில்லை. குன்று இறங்கியதும் துறைக்குப் போகிற திருப்பம் வந்தது. அவள் திரும்பாமல் நேராகப் போனாள்.

"வழி தப்பிட்டீங்க அண்ணி."

"தப்பலை. நேரம் இருக்கு."

தீவை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பள்ளங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒதுக்கி, நிறைகுடத்தை வண்டியில் வைத்துக்கொண்டு போவதுபோல ஓட்டினாள். துறை தெரிந்தபோது நாத்தனார் பொறுமையிழந்து குடையால் மெக்கானிக்கின் தோளில் ஒரு குத்து குத்தினாள்.

திடுக்கிட்டு விழித்தவருக்கு எங்கே இருக்கிறோம் என்று புரியவே சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. மன்னிக்கவேண்டும் என்று மூன்று முறை சொன்னார். இன்று என்ன பதில் வருமோ என்று ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை என்பதையும் உளறிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர்போல வாயை மூடிக்கொண்டார். திரும்புகிற படகில் மிதவைச் சட்டையை எண்ணவில்லை, இன்ஜின் பக்கம் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். நாத்தனார், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று கைப்பையிடம் புலம்பிக்கொண்டு வந்தாள்.

பிரேக் மேடம் மட்டும் நிதானமாக இருந்தாள். பாதிப் பரீட்சை முடிந்திருந்தது. மீதிப் பாதி, கரையில் நிறுத்தியிருந்த காரில்.

படகை விட்டு இறங்கியதும் மெக்கானிக், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கார்க் கதவைத் திறந்துவிட்டாள். அவர் தயங்கிப் பின்பக்கம் போகப் பார்த்தார்.

"முன்னாடி உக்காருங்க."

உட்கார்ந்தார். காலடியில் இருந்த பிரேக்கைப் பார்த்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. இரண்டு கால்களையும் பின்னால் இழுத்து, கணுக்காலைப் பின்னிக்கொண்டு, சீட்டுக்கு அடியில் ஒதுக்கிவைத்தார். சின்ன பெஞ்சில் உட்கார வைத்த பெரிய ஆள்போல இருந்தது.

சாயங்கால நெரிசல். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர்காரன் எங்கிருந்தோ முளைத்து மூக்கை உரசுகிற மாதிரி குறுக்கே வெட்டினான். பின்னால் நாத்தனார் அலறினாள். பிரேக் மேடம் மிதித்து நிறுத்தினாள். மிதிக்கும்போதே அவள் கண் போனது ரோட்டுக்கும், அடுத்த நொடியில் பக்கத்து சீட்டின் காலடிக்கும். பின்னிய கணுக்கால் பின்னியபடியே இருந்தது. விரல்முட்டிகள் மட்டும் வெளுத்திருந்தன. அவருக்கும் பயம்தான். ஆனால் பிரேக்கை மிதிக்கவில்லை.

அடுத்த சிக்னலில் சிவப்பு. எண்கள் தொண்ணூறிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. நாத்தனார் தொண்டையைச் செருமினாள். கரையேறி அரை மணி ஆகிறது, எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள், பாவம் அவரும் மனுஷர்தானே என்றாள்.

பிரேக் மேடம் சிக்னலைப் பார்த்தபடியே மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"உங்களுக்கு ரெண்டு நாள் லீவு கிடைக்குமா?"

"எதுக்குங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலை ஒரே நாள்ல முடியாதாம். ஒண்ணு சொல்லிடறேன். எங்க போனாலும் நான்தான் ஓட்டுவேன். தூக்கம் வந்தா நீங்க தூங்கிக்கலாம்."

மெக்கானிக் பையின் வாரை இழுத்துச் சரி செய்தார், பிறகு தலையை மட்டும் பலமாக ஆட்டினார். பின் சீட்டில் நாத்தனார் மூக்கை உறிஞ்சி, கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

பச்சை விழுந்தது. அவள் முதல் கியரைப் போட்டாள். இரண்டாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த கால் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, அப்படியே அணைந்துபோனது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. மெக்கானிக் எதையும் கவனிக்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பி, மூடியிருந்த ஒரு செருப்புக் கடையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.